வரை என்றால் எதுவரை

பெங்களூரில் நல்ல வேலையில் இருந்தேன். அதை விட்டுவிட்டுத் திருச்சிக்குத் திரும்பியது அம்மாவுக்காக. அப்பா பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் போன பிறகு அம்மா பொன்மலையிலேயே ஒரு வாடகை வீட்டில் தனியாக இருந்தாள். சர்க்கரை நோய் அவள் கண்ணைத் தின்ன ஆரம்பித்திருந்தது. அடுப்பு எரிகிறதா அணைந்திருக்கிறதா என்று கையை நீட்டிப் பார்க்கிறாள் எனப் பக்கத்து வீட்டு அக்கா போனில் சொன்னார். நான் கல்யாணம் செய்துகொள்ளாதவள், ஒரே பெண். வேறு யார் வருவார்கள்?

வந்து வேலை தேடிக்கொண்டிருந்தபோதுதான் என் கல்லூரித் தோழி கூப்பிட்டாள். அவள் ஸ்ரீரங்கத்துக்காரி. கோயில் கைங்கரியக் குடும்பத்தில் பிறந்து, அதே ஊரில் உத்தர வீதியிலேயே வாழ்க்கைப்பட்டவள். கல்லூரியில் எங்கள் இருவருக்கும் ஒரே கம்ப்யூட்டர். நான் தட்டுவேன், அவள் தப்பு கண்டுபிடிப்பாள்.

"தில்லை நகர்ல ஒரு கம்பெனிடி. ஸ்கூல் குழந்தைகள் தமிழ்லயே ப்ரோக்ராம் எழுதற மாதிரி ஒரு மொழி பண்ணணுமாம். நேக்கு ஒத்தையா செய்ய பயமா இருக்கு. நீ வந்தா பண்ணிடலாம்."

மறுநாளே போனேன். ஒரு ஸ்கேன் சென்டருக்கு மேல் மாடி. முதலாளி முன்பு டியூஷன் சென்டர் நடத்தியவர்; அவரை 'சார்' என்றுதான் கூப்பிட்டோம். எங்களுக்கு இரண்டு மேசை, ஒரு ஜன்னல். ஜன்னலைத் திறந்தால் ஹாரன் சத்தம், மூடினால் புழுக்கம். அந்த அறையில் நானும் அவளும் ஒரு மொழியை அடியிலிருந்து கட்டினோம். அந்த நாட்களில் நான் சந்தோஷமாக இருந்தேன் என்பதைச் சொல்லாமல் விட்டால் இனிமேல் சொல்லப்போவது யாருக்கும் புரியாது.

எல்லாவற்றிலும் எங்களுக்குச் சீக்கிரம் ஒத்துப்போனது. பல மதிப்புகளை ஒன்றன்பின் ஒன்றாக வைக்கும் அமைப்புக்கு 'வரிசை' என்று பெயர் வைத்தோம். அதிலிருந்து ஒரு பாகத்தை மட்டும் எடுப்பதற்கு அவள் 'துண்டு' என்றாள். "தோள்ல போட்டுக்கறதா?" என்று கேட்டேன். இருவரும் கண்ணில் நீர் வரச் சிரித்துவிட்டு 'பகுதி' என்று வைத்தோம். எண்ணிக்கையைப் பூஜ்யத்தில் தொடங்குவதா ஒன்றில் தொடங்குவதா என்பதில் கொஞ்சம் இழுபறி. உலகத்தில் பாதி மொழிகளுக்கு மேல் பூஜ்யத்தில்தான் தொடங்குகின்றன, அதுதான் சுத்தம் என்றாள். ஆறாம் வகுப்புப் பிள்ளையிடம் போய், "நீதான் வரிசையில் பூஜ்யமாவது ஆள்" என்று எப்படிச் சொல்வது என்றேன். விட்டுக்கொடுத்தாள்.

சண்டை வந்தது 'வரை' என்ற சொல்லில்.

ஏழு பெயர்கள் ஒரு வரிசையில் இருக்கின்றன. அதில் இரண்டாவது பெயரில் தொடங்கி ஐந்தாவது பெயர் வரை வேண்டுமென்றால் '2 முதல் 5 வரை' என்று பிள்ளை எழுதும். இதற்கு எந்தக் குறியும் வேண்டாம், தமிழே போதும் என்பதில் எனக்குப் பெருமை இருந்தது. ஆனால் அந்த ஐந்தாவது பெயர் வருமா, வராதா? வரும் என்றேன் நான். வரக்கூடாது என்றாள் அவள்.

அவள் சொன்னது விளையாட்டுப் பேச்சு இல்லை. வெள்ளைப் பலகையில் எழுதிக் காட்டினாள்.

"இந்த ஏழையும் நாலாவது இடத்துல ரெண்டா வெட்டறேன். கடைசிய விட்டுட்டா, ஒண்ணு முதல் நாலு வரை, நாலு முதல் எட்டு வரை. அதே நாலு ரெண்டுலயும் இருக்கு பாரு. ஒட்டினா முழுசாயிடும். எத்தனை இருக்குன்னு தெரியணும்னா பெரிசுலேர்ந்து சின்னதக் கழிச்சாப் போறும். உன்னோடதுல? ஒண்ணு முதல் மூணு, நாலு முதல் ஏழு. எதுக்கெடுத்தாலும் ஒண்ணக் கூட்டு, ஒண்ணக் கழி. குழந்தைகள் அங்கதான் வழுக்கி விழும்."

"பூஜ்யத்துல ஆரம்பிச்சா நீ சொல்றது அழகா இருக்கும்டி. நாம ஒண்ணுல ஆரம்பிச்சுட்டோம். ஏழு பேரையும் எடுக்கணும்னா '1 முதல் 8 வரை'ன்னு எழுதணும். எட்டாவது ஆளே இல்லையே?"

"சரி, ஒண்ணுமே இல்லாத பகுதி வேணும்னா எப்படி எழுதுவ? என்னோடதுல 'நாலு முதல் நாலு வரை'. உன்னோடதுல 'நாலு முதல் மூணு வரை'ன்னு பின்னாடி நடக்கணும்."

இதற்குப் பதிலை அன்று முழுவதும் தேடினேன். இன்றும் கிடைக்கவில்லை.

சனிக்கிழமைகளில் அவள் வீட்டில் உட்கார்ந்து வேலை செய்வோம். ஒரு சனிக்கிழமை இருவரும் சத்திரம் பேருந்து நிலையத்தில் ஸ்ரீரங்கம் பஸ்ஸில் ஏறினோம். காவிரிப் பாலத்தில் அன்று ஏதோ பராமரிப்பு வேலை. டிக்கெட் கேட்டபோது கண்டக்டர், "பாலம் வரைக்கும்தாங்க போகும். அந்தப் பக்கம் நடந்து போய் வேற வண்டி புடிச்சுக்கங்க" என்றார்.

அவள் என் முழங்கையைப் பிடித்து உலுக்கினாள். "கேட்டியா? பாலம் வரைக்கும். பஸ் பாலத்துல ஏறுமா? ஏறாது. பாலம் உள்ள சேத்தி இல்ல. உன் தமிழே சொல்றது!"

"அது இடம்டி. 'பத்தாம் பக்கம் வரை படிச்சுட்டு வா'ன்னு டீச்சர் சொன்னா நீ ஒம்போதாம் பக்கத்தோட மூடி வெச்சுட்டு வருவியா? திங்கள் முதல் வெள்ளி வரை கடை உண்டுன்னு போர்டு போட்டா வெள்ளிக்கிழமை பூட்டிடுவாங்களா?"

முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். கையில் பூக்கூடையோடு நின்ற ஒரு பெண்மணி, சொத்துத் தகராறு என்று நினைத்தாரோ என்னவோ, எங்களுக்கு இடம் விட்டுத் தள்ளி நின்றார். நாங்கள் பாலத்தை நடந்து கடந்தோம். ஆற்றில் மணல்தான் அதிகம், நடுவில் ஒரு கோடு தண்ணீர். அவள் நடந்துகொண்டே பேசினாள், நான் மறுத்துக்கொண்டே நடந்தேன். அப்படி ஒருவரோடு சண்டை போட முடிவது ஒரு கொடுப்பினை என்று அப்போது எனக்குத் தெரியாது.

முடிவு ஒரு பள்ளியில் கிடைத்தது. லால்குடிப் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் சோதனைக்குப் போயிருந்தோம். அன்று மொழியில் இருந்தது அவளுடைய முறை. முதலில் என்னுடையதை ஏன் வைக்க வேண்டும், உன்னுடையதை வைத்தே பார்ப்போம் என்று நான்தான் சொன்னேன். பிள்ளைகள் தங்கள் பெயர்களையே வரிசையாகப் போட்டு '1 முதல் 3 வரை' என்று தட்டினார்கள். திரையில் இரண்டு பெயர்கள் வந்தன. இரட்டைப் பின்னல் போட்ட ஒரு பெண் எழுந்தாள்.

"மிஸ், என் பேரு எங்க மிஸ்? நான்தானே மூணாவது?"

என் தோழி குனிந்து அவளுக்குப் பொறுமையாக விளக்கினாள். அந்தப் பெண் தலையை ஆட்டிவிட்டு உட்கார்ந்தாள். ஆனால் முகம் வாடிவிட்டது. அதன் பிறகு அவள் கீபோர்டைத் தொடவில்லை. பக்கத்துப் பெண்ணிடம் தள்ளிவிட்டாள்.

திரும்பும்போது பஸ்ஸில் என் தோழி '1 முதல் 3 வரை' என்று தன் நோட்டில் எழுதி, அடித்து, மறுபடி எழுதினாள். பிறகு, "சரிடி. ரெண்டையும் வெச்சுக்கலாம்" என்றாள். '2 முதல் 5 வரை' என்றால் ஐந்தாவதும் வரும். '2 முதல் 5க்கு முன்' என்றால் வராது. தமிழில் இரண்டு சொல் இருக்கும்போது ஒன்றின் கழுத்தைத் திருக வேண்டியதில்லை. இரண்டு முறை இருந்தால் பிள்ளைகள் குழம்புவார்கள், இரண்டையும் நாம் காலமெல்லாம் பராமரிக்க வேண்டும் என்ற பயம் அவளுக்கு இருந்தது. அது நியாயமான பயம்தான். ஆனாலும் ஒப்புக்கொண்டாள். நான் நிரலை எழுதினேன், அவள் சரிபார்த்தாள். ஆசிரியர்களுக்கான பாடத்தையும் நானே எழுதினேன்.

அதற்குச் சில மாதங்கள் கழித்து அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்தாள். இடுப்பெலும்பு. தில்லை நகரில், எங்கள் ஆபீஸிலிருந்து நடந்து போகும் தூரத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்து ஆபரேஷன் ஆனது. சர்க்கரையால் புண் ஆறவில்லை. வாரக்கணக்கில் அங்கேயே கிடந்தோம். நான் கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துப் படுத்தேன். ஆபீஸ் பக்கமே போகவில்லை.

என் தோழி அடிக்கடி வந்தாள். தூக்குப் பாத்திரத்தில் மிளகு ரசமும் குழைந்த சாதமும் கொண்டுவந்து அம்மாவுக்குத் தானே ஊட்டினாள். "மாமி, இன்னும் ஒரே வாய்" என்று கெஞ்சிக் கெஞ்சி ஊட்டுவாள். நான் ஊட்டினால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் அம்மா அவள் கையால் சாப்பிட்டாள். வெளியே வராந்தாவில் நின்று, "ஆபீஸ்ல என்ன நடக்குது?" என்று கேட்டேன்.

"ஒண்ணுமில்ல. நீ அதப் பத்தி நெனைக்காத. அங்க எல்லாம் நான் பாத்துக்கறேன்" என்றாள். என் தோளைத் தொட்டுவிட்டுப் படியிறங்கினாள். இப்படி ஒரு தோழி கிடைக்க என்ன புண்ணியம் செய்தேனோ என்று அன்று அம்மாவிடமே சொன்னேன்.

அம்மாவை வீட்டுக்குக் கூட்டிவந்த பிறகு ஒருநாள், முசிறிப் பக்கத்திலிருந்து ஓர் ஆசிரியர் போன் செய்தார்.

"மேடம், தொந்தரவுக்கு மன்னிச்சுக்கங்க. நீங்க பாடத்துல குடுத்திருக்கிற உதாரணம் ஓட மாட்டேங்குதுங்க. ஒண்ணு முதல் மூணு வரைன்னு போட்டா ரெண்டுதான் வருது. நான் ஏதும் தப்பா போடுறேனா?"

என் தப்பு என்றுதான் முதலில் நினைத்தேன். மடிக்கணினியைத் திறந்து புதிய பதிப்பைப் பார்த்தேன். 'முன்' என்ற சொல்லையே காணோம். 'வரை' இருந்தது, ஆனால் கடைசியை விட்டுவிட்டது. யார், எதற்காக மாற்றினார்கள் என்று எழுதும் குறிப்பில் ஒரே வரி: 'வரை: தவறான பொருள் திருத்தப்பட்டது.' மாற்றியவள் பெயர் என் தோழியுடையது. தேதியைப் பார்த்தேன். அவள் ரசம் கொண்டுவந்த வாரம்.

இரண்டில் எதுவாவது ஒன்றை முழுதாக வைத்திருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். ஆசிரியர்களுக்குப் பிடிக்கும் என்று தொடக்கம் மட்டும் ஒன்றிலேயே இருந்தது. முடிவு வேறு யாருக்கோ பிடித்தபடி. சொல் மட்டும் தமிழ்ச்சொல்லாக, உள்ளே வேறு பொருளோடு உட்கார்ந்திருந்தது. '5க்கு முன்' என்று நேராகச் சொல்லும் சொல்லை எடுத்துவிட்டு, அதன் வேலையை 'வரை' தலையில் கட்டியிருந்தார்கள்.

அம்மாவைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் ஒப்படைத்துவிட்டு ஸ்ரீரங்கத்துக்குப் போனேன். மார்கழி, உத்தர வீதியில் நடக்க இடமில்லை. வெளியூர்ப் பஸ்களில் வந்து இறங்கிய கூட்டத்தைப் பிளந்துகொண்டு அவள் வீட்டுக்குள் நுழைந்தேன். அவள் கூடத்தில் தரையில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். என் முகத்தைப் பார்த்ததும் அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"உக்காரு. காபி கலக்கட்டுமா?"

"ஏன்டி எங்கிட்ட சொல்லல?"

அவள் மடித்த புடவையை மடியிலேயே வைத்துக்கொண்டாள். "சென்னைலேர்ந்து சார் ஒரு ஆலோசகரக் கூட்டிண்டு வந்தார். இது நாளைக்கு நூறு ஸ்கூலுக்குப் போகணும்னா அவர் சரின்னு சொல்லணும். அவர் பாத்த உடனே, 'இது என்ன, ஊர்ல இல்லாத வழக்கம், குழந்தைகள் நாளைக்கு வேற மொழிக்குப் போனா எல்லாத்தையும் மறந்துட்டு மறுபடி கத்துக்கணுமா'ன்னார். நான் மொதல்லேர்ந்து சொல்லிண்டிருந்தது அதானே?"

"அப்ப 'வரை'ங்கிற வார்த்தையையாவது எடுத்திருக்கலாமே? 'முன்' மட்டும் வெச்சிருக்கலாமே?"

"'வரை'தான் கேக்க நன்னாருக்குன்னார். எல்லாப் பாடத்துலயும் அது அச்சாயிடுத்து."

"எல்லாம் சரி. எங்கிட்ட ஏன் சொல்லல?"

"ஆஸ்பத்திரில உங்கம்மா அப்படிப் படுத்துண்டிருக்கா. அங்க வந்து இதையா பேசறது?"

"ரசம் கொண்டுவந்தியே. அப்பவே மாத்தியாச்சுல்ல?"

அவள் மடியிலிருந்த புடவையைப் பிரித்து மறுபடி மடித்தாள். வெளியே யாரோ ஒலிபெருக்கியில் தொலைந்துபோன குழந்தையின் சட்டை நிறத்தை அறிவித்துக்கொண்டிருந்தார்கள்.

"சொல்லியிருந்தா நீ ஒத்துண்டிருப்பியா?" என்றாள் கடைசியில்.

"மாட்டேன்."

"அதான் சொல்லல."

நான் எழுந்துவிட்டேன். வாசலில் செருப்பைத் தேடும்போது ஒன்று மட்டும் கேட்டேன். "தவறான பொருள்னு எழுதியிருக்கியே. அதாவது நான் எழுதினது தப்பு. பஸ்ல நீயேதானேடி 'ரெண்டையும் வெச்சுக்கலாம்'னு சொன்ன?"

"அது சும்மா ஒரு குறிப்புடி. அதெல்லாம் யார் படிக்கப்போறா?" என்றாள்.

மறுநாள் சாரிடம் போனேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு, அம்மாவின் உடல்நிலையை விசாரித்து, டீ வரவழைத்தார். பிறகு சொன்னார்: "மேடம், உலகமே ஒரு மாதிரி செய்யுது. நாம மட்டும் தனியா நிக்கணுமா, சொல்லுங்க."

"உலகம் ரெண்டு மாதிரியும் செய்யுது சார். கடைசியச் சேத்துக்கற மொழியும் இருக்கு, விடுற மொழியும் இருக்கு. நாமதான் சேத்துக்கற சொல்ல வெச்சுக்கிட்டு விட்டுட்டிருக்கோம்."

"ஒரு எண்ணுதானே மேடம்" என்றார் அவர். "பழகிடுவாங்க."

அன்றே வேலையை விட்டிருக்க வேண்டும் என்று பலர் சொல்லியிருக்கிறார்கள். பொன்மலைக்கு ஓடிப் போய் அம்மாவைப் பார்த்துவிட்டுத் திரும்பக்கூடிய தூரத்தில் எனக்கு வேறு எந்த வேலை இருந்தது? மொழியை எழுதும் பொறுப்பு இனி அவளுக்கு, ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் பொறுப்பு எனக்கு என்று சார் பிரித்தார். நான் நன்றாகப் பேசுவேனாம். சரி என்றேன்.

அப்படித்தான், நான் எதிர்த்த ஒன்றை ஊர் ஊராகப் போய்ச் சொல்லிக்கொடுப்பவள் ஆனேன். மண்ணச்சநல்லூர், துறையூர், மணப்பாறை. எல்லா இடத்திலும் யாராவது ஒருவர் கை தூக்குவார், பெரும்பாலும் தமிழாசிரியர்தான்.

"வரைன்னா அதுவும் சேத்துத்தானேங்க?"

முதல் சில கூட்டங்களில் கேள்வி காதில் விழாதது போல அடுத்த பாடத்துக்குப் போனேன். பிறகு பழகிவிட்டது. பாலம் வரை போகும் பஸ், பாலத்தில் ஏறுமா என்று கேட்பேன். சிரித்துவிடுவார்கள். அவளுடைய உதாரணம் என் வாயில் அவ்வளவு சரளமாக வந்தது. இது யாருங்க முடிவு பண்ணினது என்று ஒருவர் விடாமல் கேட்டபோது, "நாங்கதான்" என்றேன். மேலே சொல்லப்போனால் கூட்டம் முடியாது.

ஒரு பள்ளியில் மதியம் வராந்தாவில் காத்திருந்தபோது உள்ளே வகுப்பு நடந்துகொண்டிருந்தது. ஆசிரியை கேட்டார்: "வரைன்னா?" பிள்ளைகள் ஒரே குரலில் கத்தினார்கள்: "ஒண்ணு கூட்டு!" மறுபடி கேட்டார். மறுபடி கத்தினார்கள். மூன்றாவது பெயரும் வர வேண்டுமானால் '4 வரை' என்று எழுத வேண்டுமே, அதற்காக. ஒன்றைக் கூட்ட வேண்டியிருக்கும், கழிக்க வேண்டியிருக்கும் என்று எதைச் சொல்லி என் தோழி என் முறையை மறுத்தாளோ, அதையே அந்தப் பிள்ளைகள் வாய்ப்பாடு போல ஒப்பித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் யாருக்கும் முகம் வாடவில்லை. அந்தச் சொல் வீட்டில் ஒரு பொருள், இங்கே ஒரு பொருள் என்று அவர்கள் எந்தக் கேள்வியும் இல்லாமல் எடுத்துக்கொண்டுவிட்டார்கள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மேல்வகுப்புக்குப் போய் வேறு கணினி மொழி படிக்கத் தொடங்கிய சில பிள்ளைகளுக்கு இந்த இடத்தில் தடுமாற்றமே இல்லை என்று ஆசிரியர்கள் சொல்கிறார்கள். ஆக ஆலோசகர் சொன்னது பொய்யில்லை. என் தோழி பலகையில் எழுதிக் காட்டியதும் பொய்யில்லை. அவள் என்னைத் தோற்கடித்திருந்தால் நான் அழுதுவிட்டு மறந்திருப்பேன். அவள் தோற்கடிக்கவில்லை. நான் இல்லாத நேரம் பார்த்து விளையாட்டைக் கலைத்துவிட்டாள்.

அவள் இப்போது சென்னையில் அந்த ஆலோசகரின் நிறுவனத்தில் இருக்கிறாள். அம்மா போனபோது வந்தாள். பதின்மூன்றாம் நாள்வரை தினமும் போன் செய்தாள். குறை சொல்ல முடியாது. அதன் பிறகு எங்களுக்குள் பேச்சு மெல்ல நின்றுபோனது, யாரும் நிறுத்தவில்லை.

போன வருஷம் ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் பார்த்தேன். தலை நரைத்திருந்தது, எனக்கும்தான். கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார வைத்தாள். பிள்ளை படிப்பு, மாமியாரின் மூட்டுவலி, வெயில் என்று பேசினோம். சாப்பிட எழும்போது, "புதுப் பதிப்புல உன் பேரையும் போடச் சொல்லியிருக்கேன்டி. நான்தான் விடாம சொன்னேன். பாத்தியோ?" என்றாள்.

"பாக்கல. பாக்கறேன்" என்றேன்.

வீட்டுக்கு வந்து பார்த்தேன். மொழி வடிவமைப்பு என்ற இடத்தில் அவள் பெயரும் ஆலோசகர் பெயரும் இருந்தன. கீழே, நன்றி என்ற தலைப்பில் சிறிய எழுத்தில் பலர். அதில் என் பெயர். பெயருக்கு எதிரே, 'தமிழ் மொழிபெயர்ப்பு உதவி' என்று போட்டிருந்தது.

எதிலிருந்து மொழிபெயர்த்தேன் என்று அவளைக் கூப்பிட்டுக் கேட்கலாம் என்று போனைக் கையில் எடுத்தேன். அவள் உண்மையிலேயே எனக்கு நல்லது செய்ததாக நினைத்துக்கொண்டிருக்கிறாள். அந்தக் குரலைக் கேட்கும் தெம்பு எனக்கு இல்லை. போனைச் சார்ஜில் போட்டேன். காலையில் துறையூரில் பயிற்சி இருந்தது. போய் நடத்திவிட்டு வந்தேன்.